சின்னம்மை கண்ட குழந்தையை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள விடைகள், மற்றபடி நலமாக இருக்கும், ஒரு வயதைக் கடந்த குழந்தையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பச்சிளங்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் சின்னம்மை கடுமையாகக்கூடும் என்பதால், அவர்களைப் பற்றி உரிய இடங்களில் தனியே சொல்லப்பட்டிருக்கிறது.

வந்திருப்பது சின்னம்மைதான் என்று எப்படி அறிவது?

முதலில் மார்பிலும் முதுகிலும் முகத்திலும் கொசு கடித்தாற்போலச் சிவந்த புள்ளிகள் தோன்றும். சில மணி நேரத்துக்குள் அவை தடித்து, ஒவ்வொன்றின் உச்சியிலும் தெளிந்த நீர் கொண்ட, தொட்டால் உடைந்துவிடக்கூடிய மெல்லிய கொப்புளம் எழும். ஓரிரு நாளில் அந்த நீர் கலங்கி, கொப்புளத்தின் நடுப்பகுதி குழிந்து, பொருக்குக் கட்டும். இதற்குள் பக்கத்திலேயே புதிய புள்ளிகள் கிளம்பியிருக்கும். ஒரே நேரத்தில், உள்ளங்கை அகலத் தோலுக்குள்ளேயே சிவந்த புள்ளி, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றையும் பார்க்க முடிந்தால், அது பெரும்பாலும் சின்னம்மைதான். தலைமுடியை வகிர்ந்து உச்சந்தலையையும் பாருங்கள். பூச்சிக்கடியோ வியர்க்குருவோ அங்கே கொப்புளமாக வருவது அரிது. சின்னம்மை பெரும்பாலும் அங்கும் வரும்.

உள்ளங்கை, உள்ளங்கால், வாய் ஆகியவற்றை மட்டுமே பற்றிக்கொண்டு உடலின் நடுப்பகுதியை விட்டுவைத்திருந்தால், அது கை-கால்-வாய் நோயாக இருக்கலாம். சின்னம்மைத் தடுப்பூசி போட்ட குழந்தைக்கு நோய் வரும்போது பெரும்பாலும் 50-க்கும் குறைவான புள்ளிகளே வரும். பல நீர் கோக்காமலேயே அடங்கிவிடும். அத்தகைய குழந்தைக்கு நோயைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்வது மருத்துவருக்கே சிரமமாக இருக்கலாம்.

மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டுமா?

நலமான குழந்தை என்றால் பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பே போதும். நேரில் போக வேண்டியிருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் இந்த நோய் காற்றின் வழியே பரவும், அங்கே ஒரு கர்ப்பிணியோ புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ அமர்ந்திருக்கக்கூடும்.

முதல் புள்ளியைக் கண்ட அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டியவர்கள் உண்டு: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள், 12 வயதைக் கடந்த பிள்ளைகள், நாட்பட்ட நுரையீரல் நோயோ கரப்பான் போன்ற தோல் நோயோ உள்ளவர்கள், ஸ்டீராய்டு மருந்து எடுத்துக்கொள்பவர்கள், எந்தக் காரணத்தாலாவது எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள். ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைக்குச் சின்னம்மை வந்துவிட்டது என்று பயந்து, பெற்றோர் தாமாகவே மருந்தை நிறுத்திவிடக் கூடாது. திடீர் நிறுத்தம் தனி ஆபத்து.

எத்தனை நாள் இருக்கும்?

வைரஸ் உடலில் புகுந்து 10 முதல் 21 நாள்களுக்குள், பெரும்பாலும் இரண்டு வாரம் கடந்த பின், நோய் வெளிப்படுகிறது. பெரிய பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் சோர்வும் இருந்துவிட்டுப் புள்ளிகள் வரும். சிறு குழந்தைகளுக்குப் புள்ளியே முதல் அறிகுறியாக இருக்கலாம். அதன் பிறகு மூன்று நான்கு நாள்கள் வரை அலையலையாகப் புதிய புள்ளிகள் கிளம்பிக்கொண்டே இருக்கும். தடுப்பூசி போடாத குழந்தைக்கு 250 முதல் 500 வரை வருவது இயல்பு. எண்ணிக்கையைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் பொதுவாக மிகக் கடினமானவை. காய்ச்சல், அரிப்பு, தூக்கமின்மை, அழுகை எல்லாம் ஒன்றுசேர்வது அப்போதுதான். நான்காம் நாள் வாக்கில் காய்ச்சல் இறங்கி, ஐந்தாம் ஆறாம் நாளில் புதிய புள்ளிகள் நின்று, குழந்தை விளையாடத் தொடங்கிவிடும். பொருக்குகள் உதிர மேலும் ஓரிரு வாரம் ஆகும். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்வது எந்தக் களிம்பை விடவும் பயனுள்ளது. நோய் தன் வழியில் போகிறதா, வழி தவறுகிறதா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

காய்ச்சலுக்கு என்ன கொடுப்பது?

பாரசிட்டமால். அதுவும் குழந்தை வலியாலோ காய்ச்சலாலோ அவதிப்படும்போது மட்டும். உடல் சற்றுச் சுடுகிறது, ஆனால் குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது என்றால் கொடுக்காமலும் இருக்கலாம். மருந்து நோயைக் குறைப்பதில்லை. குழந்தைக்குச் சற்று ஆறுதல் தந்து, நீர் குடிக்கவும் தூங்கவும் உதவுகிறது.

அளவை வயதை வைத்துக் குத்துமதிப்பாக எடுக்காமல் எடையை வைத்துக் கணக்கிட வேண்டும்: ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மி.கி.; இரு வேளைகளுக்கிடையே 4 முதல் 6 மணி நேர இடைவெளி; 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு அதிக அளவு 180 மி.கி. என்று வையுங்கள். 5 மி.லி.-க்கு 120 மி.கி. உள்ள சிரப் என்றால் அது 7.5 மி.லி. ஆகும், 5 மி.லி.-க்கு 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3.6 மி.லி. மட்டுமே, ஒரு மி.லி.-க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் வெறும் 1.8 மி.லி. பெயர் ஒன்று, குழந்தை ஒன்று, அளவு மட்டும் நான்கு மடங்கு வரை மாறுகிறது. ஆகவே பழைய புட்டி தீர்ந்து புதியது வாங்கும்போதெல்லாம் ஒட்டுத்தாளில் உள்ள செறிவைப் படித்து மறுபடி கணக்கிடுங்கள். சமையலறைக் கரண்டியை விட்டுவிட்டு மருந்துடன் வரும் அளவுக்கோப்பையையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். இரவில் ஒருவர் கொடுத்ததை அறியாமல் இன்னொருவர் கொடுத்துவிடாதபடி, கொடுத்த நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

ஐபுப்ரூஃபன், ஆஸ்பிரின் கொடுக்கலாமா?

இரண்டுமே வேண்டாம். சின்னம்மையின்போது ஐபுப்ரூஃபன் எடுத்துக்கொள்வதற்கும், தோலின் ஆழத்தில் ஏற்படும் கடுமையான பாக்டீரியத் தொற்றுக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. எனவே மருத்துவர் குறிப்பாகச் சொன்னாலன்றி அதைத் தவிர்ப்பதே முறை.

ஆஸ்பிரின் விஷயத்தில் தயக்கத்துக்கே இடமில்லை. சின்னம்மையோ ஃப்ளூ காய்ச்சலோ உள்ள குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய்ஸ் நோய்க்குறி வரக்கூடும். அது அரிது, ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது. ஆஸ்பிரின் மாத்திரையை யாரும் தெரிந்தே கொடுப்பதில்லை. அதன் உறவுக்காரர்களான சாலிசிலேட்டுகள்தாம் வேறு பெயர்களில் நுழைந்துவிடுகின்றன. வாய்ப்புண்ணுக்குத் தடவும் சில ஜெல்களில் கோலின் சாலிசிலேட் இருக்கிறது. வயிற்றுக் கோளாறுக்கான சில மருந்துகளில் பிஸ்மத் சாலிசிலேட் இருக்கிறது. பல வலிநிவாரணத் தைலங்களில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. சின்னம்மையில் வாய்ப்புண் வருவது வழக்கம் என்பதால், பெரியவர்களுக்கு வாங்கி வைத்த ஜெல்லை எடுத்துக் குழந்தையின் ஈறில் தடவும் ஆவல் எழுவது இயல்புதான். ஒட்டுத்தாளைப் படிக்காமல் அதைச் செய்யாதீர்கள்.

அரிப்பை எப்படித் தணிப்பது?

அரிப்பு தாங்கமுடியாமல் குழந்தை சொறியும். சொறிந்தால் கொப்புளம் உடையும். உடைந்த இடத்தில் நகத்திலுள்ள கிருமி புகும். அந்தப் புண் ஆழமாகித் தழும்பாகும். எனவே முதல் வேலை நகம் வெட்டுவது. வெட்டிய பின் விளிம்பை அரத்தால் வழவழப்பாக்குங்கள், ஏனென்றால் புதிதாக வெட்டிய நகத்தின் முனை கத்திபோல் கூராக இருக்கும். கையைச் சோப்புப் போட்டு அடிக்கடி கழுவிவிடுங்கள். கைக்குழந்தைகளுக்கும் தூக்கத்தில் சொறியும் பிள்ளைகளுக்கும் இரவில் மெல்லிய பருத்திக் காலுறையைக் கையில் மாட்டிவிடலாம்.

வெப்பமும் வியர்வையும் அரிப்பைக் கூட்டும். தளர்ந்த பருத்தி ஆடை, ஒரு மெல்லிய போர்வை, காற்றோட்டமான அறை ஆகியவை போதும். காய்ச்சல் என்பதற்காகக் கம்பளியில் சுற்றிவைத்தால் குழந்தை இரவெல்லாம் சொறியும். அரிக்கும் இடத்தைச் சொறிவதற்குப் பதிலாக உள்ளங்கையால் மெல்லத் தட்டவோ, குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வைத்து அழுத்தவோ பெரிய குழந்தைக்குக் கற்றுத்தரலாம். "சொறியாதே" என்று நூறு முறை சொல்வதால் பலன் இல்லை. கைக்கு வேறு வேலை தருவதே வழி.

கலமைன் லோஷனை அரிக்கும் இடங்களில் பஞ்சால் ஒற்றி எடுக்கலாம். கண்ணுக்கு அருகிலும் வாயிலும் பிறப்புறுப்பின் உட்பகுதியிலும் வேண்டாம். வாங்கும்போது அது வெறும் கலமைன்தானா என்று பாருங்கள். டைஃபென்ஹைட்ரமின் போன்ற ஒவ்வாமை எதிர்ப்பு மருந்து கலந்த லோஷன்களும் உண்டு. நூற்றுக்கணக்கான உடைந்த கொப்புளங்களின் வழியே அது உடலுக்குள் போய், வாய்வழியாகவும் அதே வகை மருந்து கொடுக்கப்பட்டால், அளவு மிஞ்சிவிடும். தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு அரிப்பு இருந்தால், வாய்வழி ஒவ்வாமை எதிர்ப்பு மருந்தை மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் அளவில் இரவில் கொடுக்கலாம். ஸ்டீராய்டு களிம்பை நீங்களாகவே தடவ வேண்டாம்.

குளிப்பாட்டலாமா?

தாராளமாக. குளிப்பதால் கொப்புளம் பரவாது, காய்ச்சல் கூடாது. அழுக்கு நீங்குவதால் தொற்றுதான் குறையும். வெதுவெதுப்பான நீரில், தேய்க்காமல், மென்மையான சோப்பு சிறிதளவு போட்டோ போடாமலோ சுருக்கமாகக் குளிப்பாட்டுங்கள். மாவாக அரைத்த ஓட்ஸையோ சமையல் சோடாவையோ நீரில் கரைத்துக் குளிப்பாட்டினால் சில குழந்தைகளுக்கு அரிப்பு சில மணி நேரம் அடங்குகிறது. துவட்டும்போது துண்டை ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். இழுத்துத் துடைத்தால் பொருக்கு பிய்ந்துவிடும். அந்தத் துண்டை மற்றவர்கள் பயன்படுத்த வேண்டாம்.

வாயிலும் புண் வந்து, சாப்பிட மறுக்கிறது. என்ன செய்வது?

இரண்டு மூன்று நாள் குறைவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. நீர் குறையக் கூடாது என்பதுதான் முக்கியம். புளிப்பும் காரமும் உப்பும் சூடும் புண்ணை எரிக்கும் என்பதால், குளிர்ந்த, மென்மையான, விழுங்க எளிதான உணவாகக் கொடுங்கள். நீரைச் சிறிது சிறிதாக, கரண்டியாலோ உறிஞ்சுகுழலாலோ அடிக்கடி கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்த வேண்டியதில்லை. உணவு நேரத்துக்கு அரை மணி நேரம் முன்பு பாரசிட்டமால் கொடுத்தால் வலி குறைந்த நேரத்தில் சாப்பிட வைக்கலாம்.

எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை, அழும்போது கண்ணீர் வரவில்லை, நாக்கு உலர்ந்திருக்கிறது என்றால் வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

கண் இமையிலும் பிறப்புறுப்பிலும் கொப்புளங்கள் இருக்கின்றன. ஆபத்தா?

இமையின் வெளிப்புறத்தில் ஒன்றிரண்டு வருவது இயல்பு; தானே ஆறிவிடும். கண்ணின் வெண்பகுதி சிவந்தாலோ, கண் வலித்தாலோ, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிறப்புறுப்பில் வரும் கொப்புளங்களால் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் ஏற்பட்டுக் குழந்தை அடக்கிக்கொள்ளப் பார்க்கும். வெதுவெதுப்பான நீர் நிரம்பிய தொட்டியில் உட்காரவைத்து, அங்கேயே கழிக்கச் சொன்னால் எரிச்சல் தெரியாது. அணையாடை கட்டும் குழந்தை என்றால் அடிக்கடி மாற்றி, முடிந்த நேரமெல்லாம் கட்டாமலும் விடுங்கள்.

வைரஸ் எதிர்ப்பு மருந்து, ஆன்டிபயாட்டிக் எல்லாம் தேவையா?

12 வயது வரையிலான நலமான குழந்தைக்கு அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து வழக்கமாகக் கொடுக்கப்படுவதில்லை. புள்ளிகள் தோன்றி 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதனால் நல்ல பலன். அப்போதும் நோயின் காலம் ஏறத்தாழ ஒரு நாளே குறைகிறது. முன்னர் சொன்ன அபாயப் பிரிவினருக்கு அது தேவைப்படலாம் என்பதால்தான் அவர்கள் முதல் நாளே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கான மருந்து. சின்னம்மை வைரஸால் வருவது. கொப்புளத்தில் பாக்டீரியத் தொற்று ஏற்பட்டால் மட்டுமே அதற்கு வேலை உண்டு.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

காய்ச்சல் நான்கு நாளுக்கு மேல் நீடித்தாலோ, விட்டுப்போன காய்ச்சல் ஓரிரு நாளில் மறுபடி ஏறினாலோ அதைச் சின்னம்மையின் இயல்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெற்றோர் மிக எளிதாகத் தவறவிடுவது இந்த இரண்டாவது அறிகுறியைத்தான், ஏனென்றால் அதற்குள் எல்லோரும் அலுத்துப்போய், நோய் முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் இருப்பார்கள். அது பெரும்பாலும் பாக்டீரியத் தொற்றின் அடையாளம். ஆடையைக் கழற்றி உடல் முழுவதையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்: ஏதேனும் ஒரு கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்பு படர்ந்து அகன்றுகொண்டே போகிறதா, அந்த இடம் சூடாக, வீங்கி, தொட்டால் வலிக்கிறதா, சீழ் வடிகிறதா என்று கவனியுங்கள். கருமையான தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாமல் போகலாம். அப்போது வீக்கத்தையும் சூட்டையும் வலியையும் கையால் தொட்டே அறிய வேண்டும். சிவந்த பகுதியின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு வைத்தால், அது பரவுகிறதா என்பதில் குழப்பம் இருக்காது. வெளியே தெரியும் அளவைவிட வலி மிக அதிகமாக இருந்தால் தாமதிக்கவே கூடாது.

மூச்சு வாங்குவது, மார்பு வலி, கடுமையான இருமல் ஆகியவை நுரையீரல் பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்டலாம். எழுப்பினாலும் எழாத மயக்கம், பிதற்றல், வலிப்பு, கழுத்து விறைப்பு, நிற்காத வாந்தி, கடும் தலைவலி, நடக்கையில் தள்ளாட்டம் ஆகியவை மூளை சார்ந்தவை. இவற்றில் எது தோன்றினாலும் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். கொப்புளங்களுக்குள் இரத்தம் கட்டினாலோ, தோலில் ஊதாநிறத் திட்டுகள் தோன்றினாலோ அப்படியே.

வீட்டில் இன்னொரு குழந்தையும் ஒரு கர்ப்பிணியும் இருக்கிறார்கள். அவர்களை எப்படிக் காப்பது?

உண்மையைச் சொன்னால், ஒரே வீட்டில் பிரித்து வைப்பதால் பெரிய பலன் கிடைப்பதில்லை. புள்ளிகள் தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே நோய் பரவத் தொடங்கிவிடுகிறது. எதிர்ப்பாற்றல் இல்லாத வீட்டாரில் பத்தில் ஒன்பது பேர் வரை அதைப் பெற்றுவிடுகிறார்கள். உடன்பிறந்த குழந்தைக்கு இதுவரை நோயும் வந்ததில்லை, தடுப்பூசியும் போடவில்லை என்றால், தொடர்பு ஏற்பட்ட மூன்று நாளுக்குள், அதிகபட்சம் ஐந்து நாளுக்குள், தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கவோ கடுமையைக் குறைக்கவோ முடியும். வீட்டில் இரண்டாவதாக நோயுறும் குழந்தைக்குப் புள்ளிகள் பெரும்பாலும் கூடுதலாகவே வரும்.

கர்ப்பிணிக்குத் தடுப்பூசி போடக் கூடாது. அவருக்கு முன்பே சின்னம்மை வந்திருந்தால் கவலை குறைவு. வந்ததா என்று தெரியாவிட்டால் இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பாற்றலை அறியலாம். இல்லை என்று தெரிந்தால், தொடர்பு ஏற்பட்ட 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் (ஆயத்த எதிர்ப்பொருள்கள்) ஊசியோ வேறு தடுப்புச் சிகிச்சையோ தர முடியும். ஆகவே அவர் புள்ளி வரும்வரை காத்திராமல், வீட்டில் நோய் தெரிந்த அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பேறுக்கு ஐந்து நாள் முன்பிருந்து பேறு கழிந்த இரண்டு நாள் வரையிலான காலத்தில் தாய்க்குப் புள்ளிகள் தோன்றினால், தாயின் எதிர்ப்பாற்றல் சேரும் முன்பே வைரஸ் சிசுவைச் சேர்ந்துவிடுகிறது. சிசுவுக்கு மிக ஆபத்தான காலம் அதுதான்.

பாட்டிக்கு அக்கி வந்திருக்கிறது. குழந்தைக்குச் சின்னம்மை வந்தது அதனாலா?

இருக்கலாம். இரண்டுக்கும் காரணம் ஒரே வைரஸ்தான். சின்னம்மை ஆறிய பின் அது நரம்பு முடிச்சுகளில் உறங்கி, பல ஆண்டுகள் கழித்து அக்கியாக எழக்கூடும். அக்கிக் கொப்புளத்தின் நீர் பட்டால், எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தைக்குச் சின்னம்மை வரும். ஆனால் குழந்தையின் சின்னம்மையிலிருந்து பெரியவருக்கு அக்கி தொற்றுவதில்லை.

பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்?

கடைசிக் கொப்புளமும் பொருக்குக் கட்டிய பிறகு. பொதுவாகப் புள்ளிகள் தோன்றி ஐந்து முதல் ஏழு நாளில். பொருக்குகள் உதிரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உலர்ந்த பொருக்கு நோயைப் பரப்பாது. தடுப்பூசி போட்ட குழந்தைக்குப் பொருக்கே வராமல் போனால், 24 மணி நேரமாகப் புதிய புள்ளி எதுவும் தோன்றாததைக் கணக்கில் கொள்ளலாம்.

தழும்பு நிற்குமா?

சொறியாத, சீழ் பிடிக்காத கொப்புளம் பெரும்பாலும் தழும்பின்றி ஆறும். பொருக்கைப் பிய்க்காமல் தானே உதிர விட வேண்டும். உதிர்ந்த இடத்தில் வெளுத்தோ கறுத்தோ தெரியும் திட்டுகள் தழும்பல்ல. நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும், அதுவரை வெயில் படாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒருமுறை வந்துவிட்டால் மறுபடி வராதா? தடுப்பூசி இனி தேவையா?

எதிர்ப்பாற்றல் இயல்பாக உள்ளவர்களுக்கு இரண்டாம் முறை வருவது அரிது. சின்னம்மைதான் என்று உறுதியான குழந்தைக்குத் தடுப்பூசி தேவையில்லை. வராத உடன்பிறப்புகளுக்குத்தான் தேவை. ஜப்பானிய மருத்துவர் மிச்சியாகி தகாஹாஷி வலுக்குறைத்த வைரஸைக் கொண்டு உருவாக்கி, 1974-இல் வெளியிட்ட தடுப்பூசியே இன்றும் பெரும்பாலான நாடுகளில் பயன்படும் வகைக்கு அடிப்படை. 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு இரண்டு தவணைகளுக்கிடையே பொதுவாக மூன்று மாதமாவது இடைவெளி விடப்படுகிறது. அதற்கு மேற்பட்டவர்களுக்கு நான்கு வாரம் போதும். இரண்டு தவணையும் போட்ட குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. போட்ட பின் ஆறு வாரத்துக்குச் சாலிசிலேட் மருந்துகளைத் தவிர்க்க வேண்டும்.